கருமபீடத்தில் கிடைத்த கேள்வி: பொதுக் கொள்கை முதுமாணிக்கு யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு விண்ணப்பம்

வலிகாமத்தில் உள்ள ஒரு பிரதேச செயலகத்தில் அபிவிருத்தி உத்தியோகத்தராகப் பணியாற்றும் பெண் ஒருவர் 2023 இறுதியில் பொதுக் கொள்கை முதுமாணிப் படிப்புக்கு விண்ணப்பித்தார். நான்கு பல்கலைக்கழகங்களுக்கும் ஒரு புலமைப்பரிசிலுக்கும் அனுப்பினார். ஐந்து இடங்களிலிருந்தும் மறுப்பே வந்தது. நேர்முகத்துக்குக்கூட யாரும் அழைக்கவில்லை. அடுத்த ஆண்டு அதே பட்டத்தோடும் அதே வேலையோடும் மறுபடி விண்ணப்பித்தார். இரண்டு இடங்களில் அனுமதி கிடைத்தது. அதில் ஒன்றுக்கு முழுப் புலமைப்பரிசிலும் சேர்ந்து வந்தது.

நான் பொதுக் கொள்கை படித்துவிட்டு ஊர் திரும்பியவன். இங்கிருந்து விண்ணப்பிக்கும் இளையவர்களின் எழுத்துகளை வாசித்துக் கருத்துச் சொல்வதை ஒரு கடமையாகவே செய்து வருகிறேன். இவருடைய இரண்டு விண்ணப்பங்களையும் அருகருகே வைத்துப் பார்த்தபோது, இதைப் பலரும் வாசிக்க வேண்டும் என்று தோன்றியது. அவருடைய சம்மதத்தோடும், ஆளை இனங்காட்டும் விவரங்களை விலக்கியும் எழுதுகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அவர் வெளியே காட்டக் கூச்சப்பட்ட அன்றாட வேலைதான் அவருடைய மிகப் பெரிய தகுதி. முதல் தடவை அதை மறைத்தார். இரண்டாம் தடவை அதையே முன்னால் வைத்தார்.

முதல் விண்ணப்பம்

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் பொருளியல் சிறப்புக் கலைமாணி, இரண்டாம் வகுப்பு மேற்பிரிவு, ஆறு ஆண்டு அரச பணி. காகிதத்தில் இது நல்ல பின்னணி. நான்கு ஆண்டுச் சிறப்புப் பட்டம் என்பதால், மூன்று ஆண்டுப் பொதுப் பட்டதாரிகள் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் சில வேளை சந்திக்கும் தகுதிச் சிக்கலும் அவருக்கு இல்லை.

அவருடைய முதல் நோக்கக் கூற்று, அதாவது ஏன் படிக்க விரும்புகிறேன் என்று விண்ணப்பதாரி எழுதும் கட்டுரை, 1995 ஒக்டோபர் இறுதி நிகழ்வோடு தொடங்கியது. வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் எழுந்து, கொட்டும் மழையில் நாவற்குழிப் பக்கம் நடந்த இடப்பெயர்வு. அப்போது அவர் சிறு குழந்தை. உருக்கமான பந்தி, சொன்னதெல்லாம் உண்மை. ஆனால் அது அவருடைய தாயாரின் நினைவு. அடுத்த பந்தியில் ‘என் மக்களுக்குச் சேவை’, ‘நிலைபேறான அபிவிருத்தி’, ‘நல்லாட்சி’ என்று வந்தன. அதற்கடுத்து பயிற்சிப் பட்டறைச் சான்றிதழ்களின் நீண்ட வரிசை. ஆறு ஆண்டுப் பணிக்குக் கிடைத்ததோ ஒரே ஒரு வாக்கியம்: ‘தற்போது பிரதேச செயலகத்தில் பணியாற்றுகிறேன்.’

அதை ஏன் இவ்வளவு சுருக்கினீர்கள் என்று கேட்டேன்.

“அங்கே பெரிதாக என்ன சேர் இருக்கிறது? படிவம் வாங்குகிறோம், பதிகிறோம், மேலே அனுப்புகிறோம்” என்றார்.

இந்தப் பதிலை நான் பலரிடம் கேட்டிருக்கிறேன். அரச அலுவலகத்தில் இருப்பவர் தன் வேலையைச் சிறிதாக நினைக்கிறார். துயரத்தைச் சொன்னால்தான் மேல்நாட்டார் கவனிப்பார்கள் என்றும் நம்புகிறார். தேர்வுக் குழுவுக்கு மனம் இரங்கவும் கூடும். ஆனால் இரக்கத்தை வைத்து அவர்கள் இடம் கொடுப்பதில்லை. பொதுக் கொள்கைக் கல்லூரிகளில் கற்பிப்பது நுண்பொருளியல், புள்ளிவிவரவியல், திட்ட மதிப்பீடு, அரசியல், அரச முடிவுகளின் அறநெறி. ஒரு முடிவை யார் எடுத்தார், எந்தச் சான்றை வைத்து எடுத்தார், யாருக்கு நன்மை, யார் விடுபட்டார் என்று பிரித்துப் பார்க்கும் மனம் உள்ளவரைத்தான் தேடுகிறார்கள்.

போரை எழுதக் கூடாது என்று நான் யாருக்கும் சொல்வதில்லை. வலிகாமம் வடக்கில் உயர் பாதுகாப்பு வலயக் காணிகள் விடுவிக்கப்பட்ட முறையை ஆராயப் போகிறவருக்கு இடப்பெயர்வுதான் முதுகெலும்பு. இவர் படிக்க விரும்பியதோ சமூகப் பாதுகாப்புக் கொடுப்பனவுகளை. 1995 அதில் எங்கும் ஒட்டவில்லை.

பதிவேட்டில் இருந்தது

அவருடைய மேசையில் 2023 நடுப்பகுதியிலிருந்து குவிந்தவை அஸ்வெசும மேன்முறையீடுகள். வெளியூர் வாசகருக்காகக் கொஞ்சம் விளக்க வேண்டும். 1995 முதல் இருந்துவந்த சமுர்த்தி என்ற வறியோர் உதவிக் கொடுப்பனவின் இடத்தில், 2023 ஜூலையில் அஸ்வெசும வந்தது. தெரிவான குடும்பங்கள் நான்கு வகையாகப் பிரிக்கப்பட்டன. தொடக்கத்தில் மாதக் கொடுப்பனவு 2,500, 5,000, 8,500, 15,000 ரூபா என்று நிர்ணயிக்கப்பட்டது. செல்வாக்கு உள்ளவர் பெயர் பட்டியலில் ஏறுகிறது என்ற பழைய முறைப்பாட்டைத் தீர்க்க, தெரிவை 22 சுட்டிகளிடம் விட்டார்கள். கல்வி, சுகாதாரம், பொருளாதார நிலை, சொத்து, வீட்டு நிலை, குடும்ப அமைப்பு என்ற ஆறு துறைகளில் அவை அடங்கும். கூலிக்குப் போகிறவரின் வருமானத்துக்குச் சம்பளப் பட்டியல் கிடையாது. ஆகவே கண்ணால் பார்க்கக்கூடியதை வைத்து வறுமையைக் கணிக்கிறார்கள். நியாயமான ஏற்பாடுதான். நாடு முழுவதிலும் இலட்சக்கணக்கான மேன்முறையீடுகள் வந்ததும் உண்மை.

யாழ்ப்பாணத்தில் கண்ணால் பார்ப்பது எப்படிப் பிசகும் என்பதை அவர் கருமபீடத்தில் தினமும் கேட்டுக்கொண்டிருந்தார். எழுபது வயதை நெருங்கும் ஓர் அம்மா சொன்னதை அவர் அப்படியே குறித்து வைத்திருந்தார்:

“பிள்ளை, மாபிள் போட்ட வீடு என்று எழுதிப்போட்டுப் போய்விட்டார்கள். வீடு கனடாவில் இருக்கிற பெறாமகனுடையது. நான் விளக்கேற்றி, முற்றம் கூட்டுவதற்காக இருக்கிறேன். அடுப்புக்குத்தான் வழியில்லை.”

வெளிநாட்டில் இருப்பவரின் வீட்டைப் பார்த்துக்கொண்டு குடியிருக்கும் குடும்பங்கள் குடாநாட்டில் ஊருக்கு ஊர் உண்டு. தரை, கூரை, மலசலகூடம் எல்லாம் வசதியைக் காட்டும். உள்ளே இருப்பவர் வேறு ஆள். இன்னொரு வகையும் இருந்தது. சீதனமாகக் கொடுத்த வீட்டில் மகளின் குடும்பமும் பெற்றோரும் ஒரே மின்மானியில் இருப்பார்கள். மின் பாவனை இரண்டு அடுப்புக்கு உரியது, கணக்கிலோ ஒரு குடும்பம்.

இதையெல்லாம் அவர் என்னிடம் ஒரு மணித்தியாலம் சொன்னார். முதல் விண்ணப்பத்தில் இதில் ஒரு சொல்லும் இல்லை.

இப்படி எத்தனை மேன்முறையீடுகள் வந்தன என்று கேட்டேன். “நிறைய” என்றார். நிறைய என்பது எண் அல்ல என்றேன். அவர் முகம் சற்றுச் சுருங்கியது. ஆனால் மறுநாளே பதிவேட்டைத் திறந்துவிட்டார். பெயர், முகவரி எதையும் வெளியே எடுக்காமல், மேலதிகாரியின் அனுமதியோடு, காரணங்களை மட்டும் வகைப்படுத்தி எண்ணினார். அந்த எண்களை நான் இங்கே தரவில்லை. அவை அந்த அலுவலகத்துக்கு உரியவை. மாலை நேரங்களில் எண்ணி, எக்செல் தாளில் ஏற்றி, கிராம அலுவலர் பிரிவு வாரியாகப் பிரித்தார். கடலோரப் பிரிவுகளில் ‘பிறருடைய வீடு’ என்ற காரணம் குறைவு, கடலிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் பிரிவுகளில் அதிகம் என்று கண்டார். வறியவர் பட்டியலுக்கு வெளியே விடப்படுவதைக் கொள்கைப் படிப்பில் விலக்கல் பிழை என்பார்கள். அந்தப் பெயர் அவருக்கு அப்போது தெரியாது. பிழை எங்கே விழுகிறது என்பது தெரிந்திருந்தது.

அவர் இன்னொன்றும் செய்திருந்தார், அதையும் சொல்லாமலே விட்டிருந்தார். மேன்முறையீட்டை மீளாய்வு செய்யப் போகும் உத்தியோகத்தர்களுக்காக அரைப்பக்கக் குறிப்பு ஒன்று தயாரித்திருந்தார்: வீட்டு உறுதி யார் பெயரில் இருக்கிறது என்று கேளுங்கள், குடியிருப்பவர் பெயரில் இல்லையென்றால் கிராம அலுவலரின் கடிதத்தை இணையுங்கள், ஒரே மின்மானியில் எத்தனை அடுப்பு என்று எழுதுங்கள். உதவித் திட்டமிடல் பணிப்பாளர் அதற்கு ஒப்புதல் கொடுத்தார். சில குடும்பங்களின் முடிவு மாறியது, சில மாறவில்லை. அஸ்வெசும பற்றிய அரச சுற்றுநிருபம் திருத்தப்படவில்லை. இரண்டையும் எழுதுங்கள், மாறாததையும் எழுதுங்கள் என்று நான் வற்புறுத்தினேன்.

இரண்டாம் நோக்கக் கூற்றின் முதல் வாக்கியம் இது: ‘எங்கள் பிரதேசத்தில் ஒரு வீட்டின் தரை, அதில் குடியிருப்பவரின் வருமானத்தைச் சொல்வதில்லை.’ அங்கிருந்து அந்த அம்மா, பதிவேடு, அரைப்பக்கக் குறிப்பு என்று போனது. என்னை அதிகம் கவர்ந்தது அதற்கடுத்த பந்தி. தன் யோசனைக்கு எதிரான வாதத்தை அவரே வைத்தார். வீடு தன்னுடையதல்ல என்று சொன்னால் கொடுப்பனவு கிடைக்கும் என்றால், நாளை எல்லோரும் அப்படியே சொல்வார்கள். அதைச் சரிபார்க்கும் அதிகாரம் மறுபடியும் உள்ளூர் உத்தியோகத்தர் கைக்கு வரும். சுட்டிகளைக் கொண்டுவந்ததே அந்த அதிகாரத்தைக் குறைக்கத்தானே. ‘இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கே கோடு போடுவது என்பதை அறியும் கருவிகள் என்னிடம் இல்லை. அவற்றைக் கற்க வருகிறேன்’ என்று முடித்தார். எதற்காகப் படிக்க வருகிறார் என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

எங்கே விண்ணப்பிப்பது

முதல் தடவை அவர் கல்லூரிகளின் புகழைப் பார்த்துத் தெரிவு செய்திருந்தார். ஹார்வர்ட் கென்னடி கல்லூரியின் பொதுக் கொள்கை முதுமாணி இரண்டு ஆண்டு. ஒக்ஸ்போர்டின் பிளவட்னிக் கல்லூரியில் ஓராண்டு. லண்டன் பொருளியல் கல்லூரியின் பொது நிர்வாக முதுமாணி இரண்டு ஆண்டு. சிங்கப்பூரின் லீ குவான் யூ கல்லூரியின் பொதுக் கொள்கை முதுமாணி இரண்டு ஆண்டு. நல்ல இடங்கள்தான். ஆனால் அவர் நம்பியிருந்த செவ்னிங் புலமைப்பரிசில் பிரித்தானியாவில் ஓராண்டு முதுமாணிக்கு மட்டுமே உரியது. இரண்டு ஆண்டுப் படிப்புக்கு அதைக் கேட்பதில் பயனில்லை. செவ்னிங் மூன்று படிப்புகளைக் குறிப்பிடச் சொல்கிறது. 2,800 மணித்தியால வேலை அனுபவம் கேட்கிறது. முடிந்ததும் நாடு திரும்பி இரண்டு ஆண்டு இருக்க வேண்டும் என்கிறது. ஓகஸ்ட் தொடக்கத்தில் திறந்து இலையுதிர் காலத்திலேயே மூடிவிடும். அமெரிக்கக் கல்லூரிகளின் இறுதித் திகதி பெரும்பாலும் டிசெம்பர், ஜனவரி. ஆகவே புலமைப்பரிசில் கட்டுரைகள் முதலில் எழுதப்பட வேண்டும், பல்கலைக்கழகக் கட்டுரைகள் பின்னால் வரும். இங்கே பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

உலக வங்கியும் ஜப்பானும் இணைந்து தரும் புலமைப்பரிசிலுக்கு, பட்டத்துக்குப் பின் அபிவிருத்தித் துறையில் மூன்று ஆண்டு அனுபவம் வேண்டும். அவருக்கு அது இருந்தது. ஜப்பான் அரசு இலங்கை உத்தியோகத்தருக்குத் தரும் ஜே.டி.எஸ். புலமைப்பரிசில் முதன்மையாக நிர்வாக சேவை, திட்டமிடல் சேவை போன்ற நாடளாவிய சேவைகளில் உள்ளோருக்கானது, அதை விட்டார். கட்டணமும் ஒரு காரணி. விண்ணப்பக் கட்டணம் 100 டொலர் என்று வைத்து, டொலரை 300 ரூபாவாகக் கணக்கிட்டால், ஒரு மறுப்புக் கடிதத்துக்கு 30,000 ரூபா கொடுக்கிறோம். கட்டண விலக்குக் கேட்கலாம், பல கல்லூரிகள் தருகின்றன. கேட்கக் கூச்சப்படுவதால் இழக்கிறோம்.

ஆங்கிலத் தேர்ச்சிப் பரீட்சையான ஐ.ஈ.எல்.டி.எஸ். எழுத்துப் பகுதியில் முதல் தடவை 6.5. ஒக்ஸ்போர்ட் மொத்தம் 7.5, ஒவ்வொரு பகுதியிலும் குறைந்தது 7 கேட்கிறது. பெறுபேறு இரண்டு ஆண்டுக்கே செல்லும் என்பதால் எப்படியும் மறுபடி எழுத வேண்டியிருந்தது. இரண்டாம் தடவை தேவையான புள்ளி கிடைத்தது.

பரிந்துரைக் கடிதங்கள்

நம் ஊரில் பரிந்துரைக் கடிதம் கேட்டால் நற்சான்றிதழ்தான் வரும். ‘ஒழுக்கமானவர், கீழ்ப்படிவானவர், நேரம் தவறாதவர்.’ எழுதுபவர் அன்போடுதான் எழுதுகிறார். ஆனால் வாசிக்கும் குழுவுக்கு அதில் ஒன்றும் கிடைப்பதில்லை. முதல் விண்ணப்பத்தின் மூன்று கடிதங்களும் இப்படித்தான் இருந்தன. மூவரும் அவரைவிடப் பதவியில் மிக உயர்ந்தவர்கள், அவர் வேலையைக் கிட்ட நின்று பார்த்ததில்லை.

இரண்டாம் தடவை உதவித் திட்டமிடல் பணிப்பாளரிடமே கேட்டார். அவர் தயங்கினார். “நான் பேராசிரியர் இல்லையே, பிள்ளை” என்றார். அவர் கையொப்பமிட்ட அரைப்பக்கக் குறிப்பையும் எக்செல் தாளையும் ஒரு கோவையில் போட்டு, எந்தத் திகதிக்குள், எந்த இணைப்பில் ஏற்ற வேண்டும் என்ற விவரத்தோடு பணிப்பாளரிடம் கொடுக்கும்படி விண்ணப்பதாரியிடம் சொன்னேன். பணிப்பாளர் தன் கடிதத்தில், கீழ்நிலை உத்தியோகத்தர் ஒருவர் கேட்காமலே தரவைத் தொகுத்து வந்து மேசையில் வைத்தது தன் சேவைக் காலத்தில் அரிது என்று எழுதினார். தான் முதலில் அந்தக் குறிப்பை ஏற்கத் தயங்கியதையும், எந்த வாதம் மனத்தை மாற்றியது என்பதையும் எழுதியிருந்தார். அப்படி ஒரு கடிதம் எந்தப் பேராசிரியரின் முத்திரைக்கும் குறைந்ததல்ல. பல கல்லூரிகள் பரிந்துரையாளரின் அலுவலக மின்னஞ்சலைக் கேட்கின்றன. நம் அலுவலர்கள் பலர் தனிப்பட்ட முகவரியையே பாவிக்கிறார்கள். அதைப் பற்றிக் கல்லூரிக்கு முன்கூட்டியே எழுதி விளக்கியதால் சிக்கல் வரவில்லை.

தண்ணீர் பற்றிய அறிக்கை

ஒரு கல்லூரி, சொந்தப் பகுதியின் ஒரு பிரச்சினையை எடுத்துக் குறுகிய கொள்கை அறிக்கை எழுதச் சொன்னது. அவர் குடாநாட்டுக் குடிநீரை எடுத்தார். வற்றாத ஆறு ஒன்றும் இல்லாத நிலம்; சுண்ணக்கல்லுக்குள் தேங்கும் மழைநீர்தான் கிணற்று நீர். வெங்காயத்துக்கும் உருளைக்கிழங்குக்கும் போட்ட பசளை அதில் இறங்குகிறது. குடிநீரில் பசளையால் சேரும் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். வலிகாமத்தில் அந்த வரம்பைத் தாண்டிய கிணறுகள் உண்டு. இரணைமடுக் குளத்திலிருந்து நீர் கொண்டுவரும் திட்டத்தைக் கிளிநொச்சி நெற்செய்கையாளர் எதிர்த்தார்கள். கடல்நீரை நன்னீராக்கும் யோசனைக்கு வடமராட்சி கிழக்கு மீனவர் அஞ்சினார்கள். கடைசியில் தாளையடி நிலையம் 2024 ஓகஸ்டில் திறக்கப்பட்டது. அதன் கொள்ளளவு நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர்.

முதல் வரைவில் அவர் எல்லாத் தரப்புக்கும் ஆறுதல் சொல்லியிருந்தார். அனைவரும் கலந்துரையாட வேண்டும், விழிப்புணர்வு ஏற்படுத்த வேண்டும் என்று முடிந்தது. இந்த முடிவோடு நான் உடன்படவில்லை என்பதை வெளிப்படையாகவே சொன்னேன். விழிப்புணர்வு என்று எழுதும்போது நாம் முடிவெடுப்பதிலிருந்து நழுவுகிறோம். நீங்கள் அமைச்சின் செயலாளராக இருந்தால் நாளைக் காலை எந்தக் கோவையில் கையொப்பமிடுவீர்கள், அதற்கு யார் பணம் கொடுப்பார் என்று கேட்டேன்.

அவர் எடுத்த நிலைப்பாடு துணிவானது. கடல்நீர் நிலையம் கட்டியாயிற்று, அதன் மின்செலவு அதிகம்; அந்த விலை உயர்ந்த நீரைக் குடிப்பதற்கு மட்டும் ஒதுக்க வேண்டும். நிலத்தடி நீரைக் காப்பாற்றும் செலவு அதைவிட மலிவு, ஆகவே பசளை மானியத்தை மண் பரிசோதனையோடு பிணைக்க வேண்டும். இதனால் இழப்பவர் வெங்காயச் செய்கையாளர், அவருக்கு முதல் சில போகங்களுக்கு இழப்பீடு தர வேண்டும் என்று எழுதினார். அவருடைய தந்தையும் வெங்காயம் செய்பவர். வீட்டில் அந்த அறிக்கையைத் தமிழில் சொல்லிக் காட்டியபோது தந்தை இரவு முழுக்க வாதாடினாராம். அந்த வாதத்தில் வந்த ஓர் எதிர்ப்பை, விளைச்சல் குறையும் முதல் ஆண்டில் கடன் கட்டுவது யார் என்பதை, அவர் இறுதி வரைவில் சேர்த்தார்.

நேர்முகமும் அதற்குப் பின்னும்

புலமைப்பரிசில் நேர்முகத்தில் குழு அவரிடம் கேட்டது: படித்துத் திரும்பியதும் மேலிடம் நீங்கள் சொல்வதைக் கேட்காவிட்டால்? சுற்றுநிருபம் என்ன சொல்லவில்லையோ அந்த இடத்தில்தான் பிரதேச செயலகத்துக்கு இடமிருக்கிறது, அந்த அரைப்பக்கக் குறிப்பு அங்கேதான் பிறந்தது என்றார். குழு அதற்குமேல் அந்தக் கேள்வியைத் தொடரவில்லை.

முடிவுகள் கலந்தே வந்தன. விண்ணப்பித்த மூன்று பல்கலைக்கழகங்களில் ஒன்று மறுத்தது. எந்த மாற்றம் எவ்வளவு உதவியது என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஆங்கிலப் புள்ளி, கடிதங்கள், நோக்கக் கூற்று மூன்றும் ஒரே ஆண்டில் மாறின. என் எடை நோக்கக் கூற்றின் பக்கம்தான். மற்ற இரண்டும் வாசலைக் கடக்க உதவும். நேர்முகத்தில் கேட்ட ஒவ்வொரு கேள்வியும் நோக்கக் கூற்றிலிருந்தே வந்தது.

கல்வி விடுமுறைக்கான அனுமதி தாபன விதிக்கோவையின்படி கிடைத்தது. திரும்பிவந்து குறித்த காலம் சேவை செய்வதாக உடன்படிக்கையிலும் கையொப்பமிட்டார். இப்போது அவருடைய கவலை கணிதம். கல்லூரி அனுப்பிய ஆயத்தப் பயிற்சித் தாள்களில் வகையீடு வருகிறது. உயர்தரத்தில் கலைப்பிரிவு படித்தவருக்கு அது புதியது. திருநெல்வேலியில் ஒரு தனியார் கல்வி நிலையத்தில் இணைந்த கணிதம் கற்பிக்கும் ஆசிரியர், ஞாயிற்றுக்கிழமை உயர்தர வகுப்பு முடிந்தபின் ஒரு மணித்தியாலம் அவருக்கெனத் தனியாக ஒதுக்கியிருக்கிறார். எல்லைக் கோட்பாடு முடிந்துவிட்டது. செப்டெம்பருக்குள் பகுதி வகையீடு வரை போய்விடலாம் என்கிறார் ஆசிரியர்.